சைலஸின் பூட்ஸ் இருந்த இடம்

சைலஸ் பார்டி எத்தனையோ வருஷமாக மெல்வினா வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். ஒருநாளும் தன் பூட்ஸை வாசலறையில் விட்டதில்லை. அங்கே நின்று கழற்றுவான். கழற்றியதும் முயலைக் காதைப் பிடித்துத் தூக்குவதுபோல இரண்டையும் ஒரே கையில் தூக்கிக்கொண்டு, கம்பளிக் காலுறையோடு சமையலறையைத் தாண்டிப் போய், விறகடுப்புக்குப் பின்னால் மடித்துப் போட்டிருக்கும் மாவுச் சாக்கின் மேல் வைப்பான். பனி ஒட்டியிருந்தாலும் சரி, மீன் செதில் ஒட்டியிருந்தாலும் சரி, அதே இடம்தான்.

டிரோவர் கோவ் என்கிற அந்த மீனவ ஊரில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. தட்டினால் வெளியூர்க்காரன் என்று அர்த்தம். போலீஸாக இருக்கும், இல்லாவிட்டால் புதிதாக மாற்றலாகி வந்த பாதிரியாராக இருக்கும். ஊர்க்காரர்கள் கதவைத் திறந்துகொண்டு நேரே உள்ளே வருவார்கள். வந்ததும் முதலில் கீழேதான் பார்ப்பார்கள். வாசலறையில் கிடக்கும் பூட்ஸைப் பார்த்தாலே வீட்டுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். காலையில் ஒரு வீட்டில் யாருடைய பூட்ஸ் இருந்தது என்பது மத்தியானத்துக்குள் நண்டு ஆலையின் இரண்டு வரிசைக்கும் எட்டிவிடும்.

ஆலையில் நண்டுக் கால் உடைக்கிற பெண்கள் விடுவார்களா?

"மெல்வினா அடுப்புக்குப் பின்னாடி ஏதோ நாய் வளர்க்கிறாளாம்."

"நாயா? பன்னெண்டாம் நம்பர் பூட்ஸ் போட்ட நாயா?"

மெல்வினா தலையைத் தூக்க மாட்டாள். கையிலிருக்கும் நண்டை மட்டும் பலமாக உடைப்பாள். காது மடல் சிவந்துவிடும். அதைப் பார்த்து அவர்கள் இன்னும் சிரிப்பார்கள்.

சைலஸ் விடிவதற்கு முன்னால் எழுந்து, துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டு எதிர்க்கரையில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டுவான். ஆள் இல்லாத வீட்டுக்கு என்ன அடுப்பு? புகைபோக்கியில் புகை தெரியவேண்டும், அவ்வளவுதான்.

இத்தனையும் கார்லண்டுக்காக.

கார்லண்ட் ரைட்அவுட் மெல்வினாவின் தம்பி. நண்டுப் படகில் வேலை பார்த்தபோது இழுவை எந்திரத்தின் கம்பி அறுந்து தலையில் அடித்தது. அப்போது அவனுக்குக் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற வயது. மண்டை ஒட்டியது, உள்ளே இருந்தது ஒட்டவில்லை. வீட்டுக்கு வந்தவனுக்கு எருமைக் கழுத்தும் ஆறு வயசுப் பிள்ளையின் மூளையும் இருந்தன. கோபம் மட்டும் யாருடையது என்று தெரியவில்லை.

அவனுக்கு வேண்டியது ஒன்றுதான். ரேடியோவில் வரும் கடல் வானிலை அறிக்கை. அது ஓடும்போது யாரும் பேசக் கூடாது. கரண்டி விழக் கூடாது. பேசினால் கையில் கிடைத்தது பறக்கும். ஒருமுறை கொதிக்கிற கெண்டி பறந்து, சுவரில் பட்டுச் சிதறியதில் மெல்வினாவின் கழுத்து வெந்துபோனது. இன்னொருமுறை அடுப்பு மூடியைத் தூக்குகிற இரும்புக் கொக்கியால் அவள் தோளெலும்பை உடைத்தான். ஆஸ்பத்திரி டாக்டரிடம் ஐஸில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள்.

"ஆகஸ்ட்லயா?" என்றார் டாக்டர்.

அதன் பிறகு வீட்டில் பீங்கான் தட்டு கிடையாது, எல்லாம் தகரம். ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் கெட்டிப் பிளாஸ்டிக். கத்திகள் துணி துவைக்கிற மெஷினுக்குள். அறிக்கை தொடங்குவதற்கு முன் கெண்டியை இறக்கி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவாள். கழுத்தை மூடிய சட்டையைத்தான் கோடையிலும் போடுவாள்.

அடித்து முடித்ததும் கார்லண்ட் மாடிப்படியின் அடியில் போய் உட்காருவான். கொஞ்ச நேரம் கழித்து அவள் முகத்தைப் பார்ப்பான். பார்த்து அழுவான்.

"மெல்வி, யாரு உன்ன அடிச்சது? சொல்லு. நான் அவன உதைக்கறேன்."

அவனுக்கு நிஜமாகவே நினைவிருக்காது. அந்தக் கேள்விக்காகத்தான் அவள் அவனைப் பெரிய ஊரில் இருக்கும் பூட்டுப் போட்ட வார்டுக்கு அனுப்பவில்லை. அம்மா செத்த பிறகு அப்படிக் கேட்கிறவர்கள் அவளுக்கு வேறு யாரும் இல்லை, சைலஸ் வரும்வரை.

ஊரில் எல்லோருக்கும் வரிக்கணக்கு எழுதுகிறவள் ட்ருசில்லா கீப்பிங். மார்ச் மாதம் வந்தால் அவள் சமையலறை மேஜையில் கேக்கும் டீயும் இருக்கும், ஊர் முழுக்க வரிசையில் இருக்கும். சைலஸ் வர ஆரம்பித்த முதல் வருஷமே மெல்வினாவிடம் சொல்லிவிட்டாள்.

"இங்க பாரு பொண்ணே. நீ தனியாளு. தம்பி முடியாதவன். உன் கூரைக்குக் கீழ, உன் செலவுல இருக்கான். அப்படி இருக்குறவங்களுக்குச் சர்க்கார் வரியில ஒரு தள்ளுபடி தருது. ஒரு குளிர்காலத்துக்கு வீட்டச் சூடாக்குற எண்ணெய்த் தொட்டி ரொம்பும்."

"தனியாள்னா?"

"புருஷன் இருக்கக் கூடாது. புருஷன் மாதிரி ஒருத்தன் வருஷம் முழுக்க ஒரே வீட்டுல குடியிருக்கவும் கூடாது." ட்ருசில்லா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "சைலஸ் வீட்டுப் புகைபோக்கியில தினமும் புகை வருதுல்ல?"

"வருது."

"எனக்கும் இந்த ஜன்னல்ல தெரியுது. அப்ப சரி. டீயக் குடி."

அப்படித்தான் பூட்ஸ் அடுப்புக்குப் பின்னால் போனது. முதலில் புயல் அடித்த இரவுகளில் மட்டும் தங்கினான். பிறகு எல்லா இரவும் புயல் அடிக்கிற மாதிரிதான் ஆனது. மெல்வினாவுக்கு அது பொய் என்று தெரியும். மார்ச் மாதம் ட்ருசில்லா வீட்டில் கையெழுத்துப் போடும்போதெல்லாம் அவள் அந்த ஜன்னல் பக்கம் பார்க்க மாட்டாள்.

துறைமுகத்தில் ஐஸ் உடைந்த ஒரு வசந்தத்தில் மெல்வினாவின் அண்ணன் ஹெட்லி ஊருக்குத் திரும்பினான். மேற்கே ஆல்பர்ட்டா எண்ணெய் வயலில் சம்பாதித்ததையெல்லாம் குடித்துத் தீர்த்திருந்தான். பெண்டாட்டி வெளியே துரத்திவிட்டாள். முனையில் இருந்த அப்பாவின் பழைய வீட்டில் குடியேறினான். வந்த வாரமே கிளப்பில் ஒருத்தனுடைய மூக்கை பில்லியர்ட்ஸ் மேஜையின் விளிம்பில் மோதி உடைத்தான். சின்ன வயதில் கார்லண்டை உறைந்த ஐஸில் வெட்டிய துளைக்குள் தலைகீழாகத் தொங்கவிட்டுச் சிரித்தவன் அவன். மெல்வினா மறக்கவில்லை.

தள்ளுபடி விஷயம் பிங்கோ ஆடுகிற இடத்தில் அவன் காதில் விழுந்தது.

"நானும் இப்ப தனியாள்தான?" என்றான் ஹெட்லி, எல்லோருக்கும் கேட்கும்படி. "எனக்கும் வீடு இருக்கு. அவன் எனக்கும் தம்பிதான?"

ஜூன் மாதம், மெல்வினா ஆலையில் இருந்த ஒரு பகலில், அவன் டிரக்கை வீட்டு முன் நிறுத்தினான். டிரக்குக்குள் புது ரேடியோ ஒன்றை வைத்திருந்தான், படகில் வைக்கிற மாதிரி, நாள் முழுக்க வானிலை மட்டுமே சொல்கிற ரேடியோ. கார்லண்டை யாரும் இழுக்க வேண்டியிருக்கவில்லை. தானே ஏறி உட்கார்ந்தான்.

சேதி எட்டியதும் மெல்வினா ஆலை ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் முனை வீட்டுக்கு ஓடினாள்.

"அவன அனுப்பு ஹெட்லி."

"இங்க நல்லாத்தான் இருக்கான். விறகு பிளக்கறான், வலை இழுக்கறான். ஒரு குதிரைக்குச் சமம். உனக்கு அவன வச்சு வேலை வாங்கத் தெரியல."

"அவனுக்கு மாத்திரை குடுக்கணும்."

"நீ குடுத்ததுக்கு என்ன லாபம்? உன் கழுத்தப் பாரு, பொரிச்ச பன்றித்தோல் மாதிரி இருக்கு."

அவள் அவனைத் தாண்டி உள்ளே போகப் பார்த்தாள். ஹெட்லி புறங்கையால் வாயில் அறைந்தான். படியில் விழுந்தாள். உதடு கிழிந்து ரத்தம் ஏப்ரனில் நண்டுத் தண்ணீரோடு கலந்தது. அவன் குனிந்து, குரலை உயர்த்தாமல் சொன்னான்:

"அடுப்புக்குப் பின்னாடி இருக்குற பூட்ஸ் என்ன சைஸுன்னு வரி ஆபீசுக்கு போன் போட்டுச் சொல்லட்டுமா, தங்கச்சி? எத்தனை வருஷத்துப் பொய்யின்னு அவங்க கணக்குப் போட்டுக்கட்டும்."

அன்று சாயங்காலம் சைலஸ் ஹெட்லியைத் தேடிக்கொண்டு படகுத்துறைக்குப் போனான். பேசத்தான் போனான். ஹெட்லி பேசவில்லை. மீனைக் கொத்தித் தூக்குகிற கொக்கித் தடியைத் திருப்பிப் பிடித்து அதன் கட்டையால் சைலஸின் முகத்தில் அடித்தான். முன்பல் இரண்டும் பலகை இடுக்கு வழியாகத் தண்ணீரில் விழுந்தன. கீழே விழுந்தவனை விலாவில் உதைத்தான். துறையில் நின்றவர்கள் வந்து பிடித்து இழுக்கும்வரை உதைத்தான்.

சைலஸ் வழக்கம்போலப் பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் வந்தான். அது முழுக்க ரத்தம்.

"கீழ வைங்க," என்றாள் மெல்வினா.

"எங்க?"

அவள் துணியை நனைக்கப் போனாள். அவன் அடுப்புக்குப் பின்னால்தான் வைத்தான்.

ட்ருசில்லாவிடம் போய்க் கேட்டாள். ட்ருசில்லா கேக் வெட்டுகிற கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஒரே ஆள ரெண்டு பேரு என்னோடதுன்னு எழுதினா, அவங்க ரெண்டு பேரையும் கேப்பாங்க. நீங்களே பேசி ஒருத்தர்னு சொல்லணும். ஒத்துப் போகலன்னா யாருக்கும் கிடையாது."

"எனக்குத் தள்ளுபடி வேணாம் அக்கா. கார்லண்ட் வேணும்."

"அதுக்கு என்கிட்ட தாள் இல்லையே, பொண்ணே. போலீசக் கூப்பிடு."

போலீஸ் வந்தால் கார்லண்டைப் பார்ப்பார்கள். பார்த்தால் முனை வீட்டிலும் விடமாட்டார்கள், அவள் வீட்டிலும் விடமாட்டார்கள். நேரே பூட்டுப் போட்ட வார்டு. மெல்வினா கூப்பிடவில்லை. கோடை போனது. தினமும் வேலை முடிந்து முனைப் பாதையில் நடந்துவிட்டு வருவாள். தூரத்தில் அவன் விறகு பிளப்பது தெரியும். அது ஒன்றுதான் ஆறுதல்.

இலையுதிர்காலத்தில் ஒருநாள் அவன் வெளியே தெரியவில்லை. அடுத்த நாளும் தெரியவில்லை.

மலைச்சரிவில் சிவப்புப் பெர்ரி பறிக்கிற சாக்கில் வாளியோடு போனாள். ஹெட்லியின் படகுக் கொட்டகைக்குப் பின்னால் வரும்போது உள்ளிருந்து கார்லண்டின் குரல் கேட்டது. ரேடியோ எதுவும் ஓடவில்லை. அவன் தானாகவே சொல்லிக்கொண்டிருந்தான்.

"பெல் ஐல் நீரிணை... காத்து வடமேற்கு... ஃபங்க் தீவுத் திட்டு... அலை மூணு மீட்டர்..."

பலகையில் கணு விழுந்திருந்த ஓட்டை வழியாகப் பார்த்தாள். நங்கூரச் சங்கிலி அவன் கணுக்காலில் சுற்றிப் பூட்டுப் போட்டிருந்தது. மறுமுனை தூணில். ஒரு காது வீங்கிக் கறுத்திருந்தது. காற்சட்டை நனைந்திருந்தது. கதவுக்குப் பக்கத்தில் ஹெட்லி கவிழ்த்த பெட்டியின் மேல் உட்கார்ந்து வலை முடிந்துகொண்டிருந்தான்.

"வாய மூடுடா," என்றான் ஹெட்லி. "வீட்டுக்குப் போறேன்னு ஓடினல்ல? ஓடு இப்ப."

"ஃபங்க் தீவுத் திட்டு..."

ஹெட்லி எழுந்து வலை மிதவையைச் சுழற்றி அதே காதில் அடித்தான். கார்லண்ட் அலறவில்லை. அந்த இடத்தின் பெயரை மட்டும் முதலிலிருந்து மறுபடி சொன்னான்.

மெல்வினா கொட்டகையைச் சுற்றி முன்பக்கம் வந்தாள். உள்ளே கொண்டி போட்டிருந்தது. கூப்பிட்டால் அவள் குரல் ஹெட்லிக்குத் தெரியும். சிரிப்பான், கொண்டியைத் தொட மாட்டான். அவள் பிறந்ததிலிருந்து ஒரு கதவையும் தட்டியதில்லை. வாளியைக் கீழே வைத்தாள். கையை முஷ்டியாக்கி ஓங்கித் தட்டினாள்.

உள்ளே சத்தம் நின்றது. கார்லண்டின் சத்தம்கூட.

மறுபடி தட்டினாள், பாதிரியார் தட்டுவது போலல்ல, போலீஸ் தட்டுவது போல.

"வந்துட்டாங்கடா," ஹெட்லியின் குரல் கிசுகிசுத்தது. சாவி தேடுகிற சத்தம் கேட்டது. "ஷ்... நல்ல பையனா இரு மவனே. வலைக்குள்ள கால் மாட்டிக்கிச்சுன்னு சொல்லு. கேட்டுச்சா? ஒரு நிமிஷம் சார்! வர்றேன்!"

சங்கிலி தரையில் சரிந்து விழுந்தது.

அடுத்து வந்தது ஹெட்லியின் அலறல். மெல்வினா கதவில் தோளால் மோதினாள். உள்ளே ஏதோ உடைந்தது. மறுபடி மோதினாள். கொண்டி பழையது, ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்தது.

கார்லண்ட் ஹெட்லியின் தலைமுடியைப் பிடித்து அவன் முகத்தை மீன் வெட்டுகிற மேஜையில் அறைந்துகொண்டிருந்தான். விறகு பிளக்கிற அதே நிதானத்தில், ஒவ்வொன்றாக. மேஜையில் பல் கிடந்தது. ஹெட்லியின் கைகள் காற்றைப் பிடித்தன, பிறகு பிடிக்காமல் தொங்கின. மெல்வினா தம்பியின் கையைப் பிடித்துத் தொங்கினாள். அவன் அவளை உதறியபோது அவள் மணிக்கட்டு தூணில் பட்டு நொறுங்கியது. எலும்பு உடைகிற சத்தம் அவளுக்கே கேட்டது. கார்லண்ட் சங்கிலியைக் கையில் எடுத்தான். இரண்டாகச் சுற்றினான். இந்தமுறை அது ஹெட்லியின் மண்டையில் இறங்கப்போகிறது.

அப்போதுதான் மெல்வினா வாயைத் திறந்தாள். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கப் பயந்தே படிப்பை விட்டவள், கொட்டகை அதிரச் சொன்னாள்:

"கடல் வானிலை அறிக்கை! தென்கிழக்குக் கரை, காத்து தென்மேற்கு இருபது நாட் வேகம்! சாயங்காலத்துல மேற்காத் திரும்பும்! மூடுபனி உண்டு!"

கார்லண்டின் கை மேலேயே நின்றது.

"வடகிழக்குக் கரை, காத்து மேற்கு பதினஞ்சு. அலை ரெண்டு மீட்டர். பெல் ஐல் நீரிணை, லேசா மழை. ஃபங்க் தீவுத் திட்டு..."

அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். அறிக்கை ஓடும்போது அசையக் கூடாது. சங்கிலி மெல்லக் கீழே இறங்கியது. கைக்குள் எலும்பு குத்தக் குத்த அவள் எல்லாக் கரைகளையும் சொல்லி முடித்தாள், அத்தனை வருஷம் பேசாமல் உட்கார்ந்து கேட்டதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். முடிந்ததும் அவன் பெட்டியின் மேல் உட்கார்ந்தான். தரையில் கிடந்தவனைப் பார்த்தான். முகம் கோணி அழ ஆரம்பித்தான்.

"மெல்வி, ஹெட்லிய யாரு அடிச்சது?"

"தெரியல கண்ணு," என்றாள். "எந்திரி. வீட்டுக்குப் போலாம்."

ஹெட்லி சாகவில்லை. தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். படகு மேடையில் வழுக்கி விழுந்ததாக அவனும் காகிதத்தில் எழுதிக் காட்டினான்; சங்கிலியைப் பற்றிச் சொல்லாமல் அவனால் வேறெதுவும் சொல்ல முடியாது. அடுத்த கட்டிலில் மணிக்கட்டுக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்த மெல்வினாவையும் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "உங்க குடும்பத்துக்குத் தரையே ஆகாது போல."

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் சைலஸ் வழக்கம்போலப் பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்தான்.

"அங்கயே விடுங்க," என்றாள் மெல்வினா.

"ஊரு பாக்கும்."

"பாக்கட்டும். ஒத்தக் கைய வச்சுட்டு இவனப் பாத்துக்க முடியாது. நீங்க இங்கதான் இருக்கணும், விடிஞ்சும் இருக்கணும். அந்த வீட்டுல போயி யாருக்காக அடுப்பு மூட்டறீங்க?"

சைலஸ் பூட்ஸைக் கார்லண்டின் பூட்ஸுக்குப் பக்கத்தில் வைத்தான். பல் இல்லாத வாயால் சிரித்தான். மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரி சர்க்கரை கேட்டுக் கதவைத் திறந்தாள். கீழே பார்த்தாள். சர்க்கரையை மறந்துவிட்டு அப்படியே திரும்பிப் போனாள்.

மார்ச் வந்தது. ட்ருசில்லாவின் மேஜையில் மெல்வினா டீயைத் தொடவில்லை.

"தனியாள் இல்லன்னு எழுதுங்க அக்கா."

ட்ருசில்லா ஜன்னல் வழியாக எதிர்க்கரையைப் பார்த்தாள். புகை இல்லை.

"எப்பருந்துன்னு கேப்பாங்களே."

"உண்மை எப்பருந்தோ அப்பருந்து எழுதுங்க."

"பின்னாடி வருஷத்துக்கெல்லாம் திருப்பிக் கேப்பாங்க, பொண்ணே. வட்டியோட."

"ஹெட்லி சொல்லி அவங்களுக்குத் தெரியவேணாம்."

ட்ருசில்லா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பேனாவை எடுத்தாள்.

ஹெட்லி ஆல்பர்ட்டாவுக்கே போய்விட்டான். ஒரு பக்கத்தால்தான் மெல்லுகிறான் என்று கேள்வி. மெல்வினா பழைய தள்ளுபடியை மாதாமாதம் திருப்பிக் கட்டிக்கொண்டிருக்கிறாள், இன்னும் முடியவில்லை. எண்ணெய்த் தொட்டி காலி. கார்லண்ட் பிளக்கிற விறகில்தான் வீடு சூடாகிறது. அவன் கோபம் போகவில்லை. போன வாரம் சைலஸ் அறிக்கை நேரத்தில் தும்மியதற்குத் தகரத் தட்டால் நெற்றியைப் பிளந்தான், நாலு தையல். கத்திகள் இன்னும் மெஷினுக்குள்தான் இருக்கின்றன. வாசலறையில் மூன்று ஜோடி பூட்ஸ் இருக்கின்றன.